கோழி நெஞ்சுக்கறியில் புகை ஏறுவது எப்படி?

புகையில் கறி வேகவைப்பதற்குப் பெயர்போன டெக்சஸ் மாநிலத்தில், மாட்டின் மார்புக் கறியைச் சுமார் 110 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைத்திருப்பார்கள். அந்தக் கறியில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுப் புரதம் மிகுதி. நெடுநேர வெப்பத்தில் அது இளகி ஜெலட்டினாக மாறி, நீரை இழந்துவிட்ட தசைநார்களுக்கு நடுவே வழவழப்பாகத் தங்கிவிடுவதால், அவ்வளவு நேரம் வெந்த பிறகும் கறி மென்மையாக இருக்கிறது. அதே அடுப்பில் அதே பொறுமையோடு கோழியின் நெஞ்சுக்கறியை வைத்தால் மிஞ்சுவது சக்கைதான். புகைக்கு நேரம் வேண்டும், நெஞ்சுக்கறிக்கோ நேரம் ஆகாது. வீட்டில் இதைச் செய்து பார்க்கும் பலர் தடுமாறுவது இந்த முரண்பாட்டில்தான்.

பண்ணைக்கோழி பறப்பதில்லை. எப்போதாவது படபடவென்று சிறகடிக்க மட்டுமே அதன் நெஞ்சுத் தசை பயன்படுகிறது. நாளெல்லாம் உழைக்காத அந்தத் தசையில் கொழுப்பும் கொலாஜனும் மிகக் குறைவு. ஏறத்தாழ முக்கால் பங்கு நீர், மீதியில் பெரும்பகுதி புரதம். சூடேறும்போது இந்தப் புரதங்கள் ஒரே நேரத்தில் மாறுவதில்லை. மயோசின் 50 டிகிரியை ஒட்டி உருக்குலையத் தொடங்கும்போது கறி வெளுத்து இறுகுகிறது. ஆக்டின் 66 டிகிரிக்கு மேல் சுருங்கத் தொடங்கும்போது, இழைகளுக்கிடையே பிடித்துவைக்கப்பட்டிருந்த நீர் பிழியப்பட்டு வெளியேறுகிறது. வெளியேறிய சாற்றின் இடத்தை நிரப்ப ஜெலட்டினும் இல்லை, கொழுப்பும் இல்லை. ஆகவே 70 டிகிரிக்கும் 80 டிகிரிக்கும் இடையிலுள்ள சிறு தூரத்தில்தான் இந்தக் கறியின் தலையெழுத்தே மாறிவிடுகிறது.

இந்த இழப்பை ஓரளவு தடுக்க உப்பு உதவும். ஒரு லிட்டர் நீருக்கு 50 முதல் 60 கிராம் உப்பைக் கரைத்து அதில் கறியை இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் ஊறவிடலாம். அல்லது ஒரு கிலோ கறிக்கு 15 கிராம் உப்பைத் தடவி இரவு முழுதும் வைக்கலாம். உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் தசைப் புரதங்களோடு சேர்ந்து அவற்றுக்கு ஒரே வகை மின்னேற்றத்தைக் கொடுப்பதால், இழைகள் ஒன்றையொன்று விலக்கி இடம் விடுகின்றன. அந்த இடைவெளியில் நீர் தங்குகிறது, சூட்டில் இழைகள் சுருங்கும் அளவும் குறைகிறது. உப்புக்கண்டம் போட்டுப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். அங்கே அள்ளிப் போட்ட உப்பும் வெயிலும் சேர்ந்து நீரை வெளியே இழுக்கின்றன. இங்கே அதே உப்பு, அளவு குறைந்ததால், நீரைப் பிடித்துவைக்கிறது.

இனி புகைக்கு வருவோம். மரம் என்பது பெரும்பாலும் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகிய மூன்றின் கலவை. காற்று போதாமல் மரம் கனிந்து புகையும்போது முதல் இரண்டும் சிதைந்து கார்போனைல் சேர்மங்களையும் அமிலங்களையும் தருகின்றன. கறியின் மேற்புறத்துப் பொன்னிறமும் மெல்லிய புளிப்பும் இவற்றால் வருபவை. லிக்னின் சிதைவதால் குவாயகால், சிரிங்கால் போன்ற ஃபீனால்கள் பிறக்கின்றன. புகைமணம் என்று நாம் அறிவது முதன்மையாக இவற்றைத்தான். பிசின் நிறைந்த பைன் போன்ற மரங்கள் கசப்பும் கரியும் தரும் என்பதால், ஆப்பிள், செர்ரி, ஹிக்கரி முதலிய கடின மரங்களையே தேர்கிறார்கள். புகையின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். காற்றோட்டம் சரியாக இருந்தால் புகைத்துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியனவாக இருந்து, நீல ஒளியை மிகுதியாகச் சிதறடித்து, புகையை இளநீலமாகக் காட்டுகின்றன. துகள்கள் பெரிதானால் எல்லா நிறங்களும் சிதறிப் புகை வெள்ளையாகிறது. அடர்ந்த வெண்புகையில் வெந்த கறி நாக்கில் காறும். மரத்துண்டுகளை ஊறவைத்துப் போடும் வழக்கத்தால் பெரிய பயன் இல்லை என்றே சொல்வேன். கடின மரத்துக்குள் நீர் அவ்வளவாக இறங்குவதில்லை, மேலே ஒட்டிய நீர் ஆவியாகும் வரை புகை தாமதமாகிறது, அவ்வளவுதான்.

புகை கறிக்குள் ஆழமாக ஊடுருவுவதில்லை. அதன் ஆவிப்பொருள்கள் மேற்பரப்பின் ஈரத்தில் கரைந்து அங்கேயே தங்குகின்றன. துகள்களோ சூடான காற்றிலிருந்து குளிர்ந்த பரப்பை நோக்கி நகர்ந்து படிகின்றன. அதனால் கறி குளிர்ந்தும் ஈரப்பதத்தோடும் இருக்கும் தொடக்க நேரத்தில்தான் புகை வேகமாக ஏறுகிறது. ஆனால் நீர் சொட்டும் பரப்பு உதவாது. படிந்ததைச் சொட்டும் நீர் கழுவிவிடும். உப்பில் ஊறிய கறியைத் துடைத்து, கம்பித் தட்டில் மூடாமல் குளிர்பெட்டியில் சில மணி நேரம் வைத்தால், மேலே கரைந்து வந்த புரதம் உலர்ந்து, விரலால் தொட்டால் பிசுபிசுக்கும் மெல்லிய படலமாகிறது. புகை பிடிப்பதற்கு அந்தப் படலமே ஏற்ற இடம். நெஞ்சுக்கறியின் குறுகிய நேரம் இங்கே குறையாகத் தெரிவதில்லை. வேண்டிய புகையில் பெரும்பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே சேர்ந்துவிடுகிறது.

இதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. மூடியுள்ள உருண்டைக் கரியடுப்பு போதும். 1952இல் சிகாகோவில் வெபர் உலோகப் பட்டறையைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டீஃபன், நீரில் மிதக்கவிடும் மிதவையின் கூட்டைப் பாதியாக வெட்டி உருவாக்கிய வடிவம் அது. தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, அதன்மேல் இரண்டு மரத்துண்டுகளை வைத்து, கறியை மறுபக்கம் வைக்க வேண்டும். மூடியின் காற்றுத்துளை கறிக்கு நேர்மேலே இருந்தால் புகை கறியைத் தழுவியபடியே வெளியேறும். அடுப்பின் வெப்பம் 110 முதல் 120 டிகிரிக்குள் இருந்தால், நடுத்தரத் துண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும் துண்டைத் தட்டிச் சமமாக்கிக்கொள்வது நல்லது.

கடிகாரத்தை நம்பாமல் வெப்பமானியை நம்ப வேண்டும். அதன் முனை தடித்த பகுதியின் நடுவில் நிற்கும்படி பக்கவாட்டில் செருக வேண்டும். அமெரிக்க வேளாண் துறை வீடுகளுக்குச் சொல்லும் அளவு 74 டிகிரி. சால்மோனெல்லா கிருமிகள் அந்த வெப்பத்தில் நொடிகளில் அழிகின்றன. 66 டிகிரியில் சில நிமிடங்கள் தொடர்ந்து நின்றாலும் அதே அழிவு நிகழ்கிறது. துல்லியமான கருவி இல்லாதவர்கள் 74ஐத் தாண்டாமல், அதை எட்டியதும் எடுத்துவிடலாம். நிறத்தைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசைக்குச் சிவப்பு தரும் மயோகுளோபின் என்னும் நிறமியோடு சேர்ந்து, நன்றாக வெந்த கறியிலும் ஓரத்தில் இளஞ்சிவப்பை நிறுத்திவைக்கும்.

அதே கார்பன் மோனாக்சைடு மூடிய அறையில் உயிரைப் பறிக்கும். வேலை திறந்தவெளியில்தான் நடக்க வேண்டும். புகையில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்க் காரணிகளும் உண்டு. புகையூட்டிய இறைச்சியில் அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். தணலில் கொழுப்புச் சொட்டும்போது இவை பெருகும். தோல் நீக்கிய நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, தணலும் அதற்கு நேர்கீழே இல்லை என்பதால் இங்கே அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. இப்படிச் சூட்டுப்புகையில் வெந்த கறியைக் கருவாடுபோல் நாள்பட வைத்திருக்க முடியாது. உள்ளே ஈரம் அப்படியே இருப்பதால், இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும், மூன்று நான்கு நாளில் தீர்ந்துவிட வேண்டும்.