சிங்கப்பூர் சாலைத் தளத்தில் பாரம் தூக்கும் விதி: ரிக்கரும் சிக்னல்மேனும் தெரிந்துகொள்ள வேண்டியது

சாலையில் தோண்டிய பள்ளத்தின்மேல் வண்டிகள் போக இரும்புத் தகடு போட்டிருப்பார்கள். இரவில் போக்குவரத்து குறைந்ததும் கிரேன் வந்து அதைத் தூக்கும். சிங்கப்பூர்த் தளங்களில் ஸ்லிங் (பாரத்தைக் கட்டித் தூக்கும் பட்டை அல்லது கயிறு) மாட்டும் ரிக்கரும், கிரேன் ஓட்டும் ஆப்பரேட்டருக்குக் கை காட்டும் சிக்னல்மேனும் பல நேரம் நம் ஊர்த் தம்பிமார்தான். அந்த வேலைக்கான சட்டம் 2011இல் வந்த பாரந்தூக்கி இயக்க விதிமுறைகள். மனிதவள அமைச்சு அதை அமல்படுத்துகிறது.

எந்தக் கிரேன் பாரம் தூக்கினாலும் முதலில் எழுத்தில் ஒரு தூக்கும் திட்டம் வேண்டும். பாரத்தின் எடை என்ன, எப்படித் தூக்குவது, எங்கிருந்து எங்கே, தரை தாங்குமா என்பதெல்லாம் அதில் இருக்கும். சாலையோரத்தில் தரையைத்தான் ரொம்பக் கவனிக்க வேண்டும். கிரேனின் கால் ஊன்றும் இடத்துக்கு அடியில் வடிகாலோ, புதிதாக மூடிய பள்ளமோ இருக்கலாம். லிஃப்டிங் சூப்பர்வைசர் இதையெல்லாம் பார்த்து, வேலை தொடங்கும்முன் குழுவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். தாளில் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது.

ரிக்கரின் பொறுப்பு பாரத்தைக் கட்டுவது. ஸ்லிங் கிழிந்திருக்கிறதா, ஷேக்கிள் (ஸ்லிங்கைப் பாரத்தோடு இணைக்கும் இரும்பு வளையம்) வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது, கூர்மையான விளிம்பில் ஸ்லிங் அறுபடாமல் அட்டை வைப்பது, குறை இருந்தால் சூப்பர்வைசரிடம் சொல்வது எல்லாம் அவர் கடமை. ஸ்லிங், ஷேக்கிள் போன்றவற்றை அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது சோதித்திருக்க வேண்டும். ஆனால் நேற்று கிழிந்த பெல்ட்டைப் போன மாதச் சான்றிதழ் காட்டிக்கொடுக்காது. மாட்டுகிற கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கோணக் கணக்கில்தான் பலரும் தவறுகிறார்கள். 6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தகடு ஏறத்தாழ 1,766 கிலோ இருக்கும். மாட்டும் துளைகள் இரண்டுக்கும் நடுவே 5 மீட்டர் என்று வையுங்கள். கிரேன் கொக்கியிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் சாய்வாக இறங்கும் ஸ்லிங்கின் ஒரு கிளைதான் லெக். "ரெண்டு லெக், ஆளுக்குப் பாதி, 883 கிலோ" என்று மனம் கணக்குப் போடும். அது தப்பு. 5 மீட்டர் நீள லெக் மாட்டினால் ஒவ்வொன்றிலும் சுமார் 1,020 கிலோ இழுக்கும். கையில் கிடைத்தது என்று 3 மீட்டர் லெக்கை மாட்டினால் அதே தகடு ஒவ்வொன்றிலும் சுமார் 1,600 கிலோ இழுக்கும். 1.5 டன் ஷேக்கிளுக்கு முதலாவது சரி, இரண்டாவது வரம்பு மீறல். தகடு அதேதான், லெக் விரிந்ததுதான் வித்தியாசம். நீளமான லெக் வரும்வரை காத்திருங்கள். அரை மணி நேரம் போனால் போகட்டும்.

சிக்னல்மேன் விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது: பாரம் சரியாகக் கட்டியாகிவிட்டதா என்று ரிக்கரிடம் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் சிக்னல் கொடுக்க வேண்டும். ஆப்பரேட்டருக்குக் கை காட்டுபவர் ஒருவராகவே இருக்கட்டும். ஃபோர்மேன் ஒரு பக்கம், லாரி ஓட்டுநர் ஒரு பக்கம் என்று ஆளாளுக்குக் கை காட்டினால் ஆப்பரேட்டர் யாரைப் பார்ப்பார்? "நிறுத்து" என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். சிக்னல்மேன் கண்ணில் படவில்லை என்றால் ஆப்பரேட்டர் அசைக்கவே கூடாது. இரவில் பின்னாலிருந்து வண்டி வெளிச்சம் அடித்தால் கை தெரியாது, அதனால் நிற்கும் இடத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்துங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கிவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். ஆடும் பாரத்தைக் கையால் பிடிக்காமல் கயிறு கட்டித் திருப்புங்கள். வேலைப் பகுதியை மறித்திருந்தாலும் நடைபாதையில் ஆள் வருவார்கள். பாரம் அவர்கள் தலைக்குமேல் போகக்கூடாது.

நடமாடும் கிரேன் வேலைக்கு ரிக்கராகவோ சிக்னல்மேனாகவோ இருக்கப் பயிற்சி கட்டாயம். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீ மாட்டுப்பா" என்று யாராவது சொன்னால், பயிற்சி இல்லை என்று சொல்லி ஒதுங்குங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் உண்மையைச் சொன்னதற்காக ஊழியரை வேலையைவிட்டு நீக்கவோ, நீக்குவதாக மிரட்டவோ கூடாது என்று வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது.