முதலில் எந்தப் பட்டனை அழுத்துவது?

ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளும். டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ஒரு கன்ட்ரோலர் போனால் பக்கத்தில் இருப்பது பார்த்துக்கொள்ளும். ஒரு மின் இணைப்பு அறுந்தால் அடுத்தது தாங்கும். ஹை அவைலபிலிட்டி என்று நாம் கட்டிவைப்பது எல்லாம், ஒன்று விழும்போது மற்றது ஓடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. எல்லாமே அணைந்து கிடக்கும் நேரத்தில் அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லை. மறுபடி எழுப்புகிற அந்த ஒரு மணி நேரம், இரட்டிப்பாக வாங்கிப்போட்ட எந்தப் பெட்டியும் நம்மைக் காப்பாற்றாது. பவர் பட்டனுக்கு முன்னால் நிற்பவரின் நிதானம்தான் காப்பாற்றும்.

பல வருடங்களாக ஸ்டோரேஜ் (தரவைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டிகள்), கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் சர்வர் கூட்டம்) வேலையில் இருக்கிறேன். மின்சாரம் போனபோது பார்த்த சேதத்தைவிட, திரும்பி வந்தபோது பார்த்த சேதம்தான் அதிகம்.

ஒருமுறை மின் பராமரிப்பு வேலைக்காக ஒரு சர்வர் அறை முழுவதையும் இரவில் முறையாக அணைத்தோம். அணைத்ததில் ஒரு குறையும் இல்லை. காலையில் ‘கரண்ட் ரெடி’ என்று தகவல் வந்ததும், ஒருவர் போய் ரேக்கின் இரண்டு பிடியுக்களையும் (சாதனங்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பட்டைகள்) ஒரே மூச்சில் போட்டுவிட்டார். சர்வர்களின் தொடக்க அமைப்புகள் இருக்கும் பயாஸில் ‘மின்சாரம் வந்தால் தானாக எழு’ என்று அமைத்திருந்தது. ஒரே நிமிடத்தில் அறை முழுக்க மின்விசிறி இரைச்சல். ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்களும் எழுந்துவிட்டன. ஆனால் அவற்றின் இரண்டாவது டிஸ்க் ஷெல்ஃப், அதாவது டிஸ்க்குகள் அடுக்கிய பெட்டி, அடுத்த ரேக்கில் இருந்தது. அந்த ரேக்கின் பிரேக்கரை இன்னும் யாரும் போடவில்லை.

கன்ட்ரோலர் தேடிப் பார்த்தது, பாதி டிஸ்க்குகளைக் காணோம். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து வைத்த ரெய்டு குழு பழுது என்று முத்திரை குத்திவிட்டது. லினக்ஸ் சர்வர்கள் தங்கள் வால்யூம்கள் (ஸ்டோரேஜில் அவற்றுக்கென்று ஒதுக்கிய இடங்கள்) கிடைக்காமல் எமர்ஜென்சி மோடில் போய் நின்றன. கன்சோலில், பழைய ரெய்டு விவரத்தை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாமா என்று ஒரு கேள்வி. அங்கே இருந்த இளைஞர் அதை அழுத்துவதற்கு முன்னால் எனக்கு போன் செய்தார். இன்றைக்கும் அந்த போனுக்கு நான் நன்றி சொல்கிறேன். எல்லாவற்றையும் அணைத்து, ஷெல்ஃபை முதலில் எழுப்பி, பிறகு கன்ட்ரோலரைப் போட்டதும் அத்தனை டிஸ்க்கும் திரும்பி வந்தன. அவர் அழுத்தியிருந்தால் பேக்கப்பைத் தேடிப் போயிருப்போம்.

வரிசை என்பது சடங்கு இல்லை. கீழே இருப்பது தயாராக இல்லாதபோது மேலே இருப்பது எழுந்தால், கிடைத்ததை வைத்து ஒரு முடிவு எடுத்துவிடும். அந்த முடிவு பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். அதனால் முதலில் குளிர்சாதனமும் யுபிஎஸ்ஸும் நிலையாக ஓட வேண்டும். அப்புறம் நெட்வொர்க் ஸ்விட்ச்சுகள், சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் ஃபைபர் சேனல் ஸ்விட்ச்சுகள். அதற்குப் பிறகு டிஸ்க் ஷெல்ஃபுகள், அவை முழுதாகச் சுழன்று விளக்குகள் அமைதியானதும் கன்ட்ரோலர்கள், கன்ட்ரோலர் ‘நான் தயார்’ என்று சொன்னதும் சர்வர்கள். அணைக்கும்போது இதே வரிசை தலைகீழாக.

பிடியுவை ஒரே மூச்சில் போடக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். சுழன்றுவிட்டால் அதில் ஒரு சிறு பகுதி போதும். ஷெல்ஃபுகள் டிஸ்க்குகளைச் சிறிது சிறிதாக எழுப்புவது இதனால்தான். சர்வர்களின் பவர் சப்ளைகளும் மின்சாரம் வந்த கணத்தில் கெபாசிட்டர்களை நிரப்ப ஒரு பெரிய மடக்கு குடிக்கும். எல்லாம் ஒன்றாகக் குடித்தால் பிரேக்கர் விழும். பாதி எழுந்த நிலையில் மறுபடி எல்லாம் அணையும். முதல் இருட்டைவிட அந்த இரண்டாவது இருட்டு மோசமானது, ஏனென்றால் இந்த முறை எதையும் முறையாக அணைக்க நேரம் கிடைத்திருக்காது. ரேக் ரேக்காக, நடுவே ஓரிரு நிமிடம் விட்டுப் போடுங்கள். ஏ, பி என்று இரண்டு மின் வழி வைத்திருப்பவர்கள், ஒவ்வொன்றிலும் பாரம் பாதிக்குக் கீழே இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பாதியைத் தாண்டியிருந்தால், ஒன்று விழும் நாளில் இன்னொன்றும் சேர்ந்தே விழும்.

2017 மே 27 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் தரவு மையத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பிறகு கட்டுப்பாடில்லாமல் திரும்பி வந்தது. சாதனங்கள் சேதமானது அந்தத் திரும்பி வந்த விதத்தால்தான் என்று அந்த நிறுவனமே சொன்னது. சுமார் 75,000 பயணிகள் தவித்தார்கள்.

கிளஸ்டரில் இருக்கும் ஒவ்வொரு சர்வரையும் நோடு என்போம். நோடுகளின் பயாஸில் மின்சாரம் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும்: தானாக எழு, அணைந்தே இரு, முன்பு இருந்த நிலைக்குப் போ. ஆள் இருக்கும் இடத்தில், தரவுத்தள நோடுகளுக்கு நான் ‘அணைந்தே இரு’ என்பதைத்தான் வைப்பேன். சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் நிர்வாகச் சிப் தனியாக விழித்துக்கொள்ளும். அதன் வழியாக ஒவ்வொன்றாக எழுப்பலாம்.

இனி ஸ்பிளிட் பிரெயின். என்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான். இரண்டு நோடு கிளஸ்டரில் ஒரு நோடு எழுகிறது, மற்றதைக் கூப்பிட்டுப் பார்க்கிறது, பதில் இல்லை. அது செத்துவிட்டதா, இன்னும் எழவில்லையா, நடுவே இருக்கும் ஸ்விட்ச்தான் தூங்குகிறதா? இந்த நோடுக்குத் தெரியாது. ‘நானே தலைவன்’ என்று அது முடிவு செய்து, இன்னொன்றும் அப்படியே முடிவு செய்தால், ஒரே வால்யூமில் இரண்டு பேர் எழுதுவார்கள். கோரோசிங்க் என்ற கிளஸ்டர் மென்பொருளில் இரண்டு நோடு அமைப்பைப் போட்டால் ‘வெயிட் ஃபார் ஆல்’ தானாகவே இயங்கும். முதல்முறை எழும்போது இரு நோடுகளும் ஒன்றையொன்று பார்க்கும்வரை எந்த சர்வீஸும் தொடங்காது. சிலர் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அதை அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள். ஃபென்சிங்கையும் (பதில் தராத நோடைக் கட்டாயமாக விலக்கி வைப்பது) அப்படித்தான், ‘தொல்லையாக இருக்கிறது’ என்று எடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக அணைந்த நோடைத்தான் முதலில் எழுப்ப வேண்டும், அதனிடம்தான் கடைசித் தரவு இருக்கும். கலேரா என்ற தரவுத்தள கிளஸ்டரில் இதற்கென்றே ஒவ்வொரு நோடிலும் ஒரு சின்னக் கோப்பு உண்டு. முறையாக அணைத்திருந்தால், கடைசி நோடில் ‘சேஃப் டு பூட்ஸ்ட்ராப்’ (இதிலிருந்து தொடங்கலாம்) என்ற வரியில் 1 என்றும் மற்றவற்றில் 0 என்றும் இருக்கும். திடீரென்று எல்லாம் அணைந்திருந்தால் எல்லாவற்றிலும் 0 தான். அப்போது ஒவ்வொரு நோடும் எந்தப் பரிவர்த்தனை வரை வந்திருக்கிறது என்று எடுத்துப் பார்த்து, முன்னால் இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் ஏதோ ஒரு நோடில் 0-வை 1 ஆக்கிவிட்டு எழுப்பினால், மற்ற நோடுகளில் இருக்கும் கடைசிப் பரிவர்த்தனைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். அதை யாரோ ஒரு வாடிக்கையாளர்தான் கண்டுபிடிப்பார்.

ஸ்டோரேஜின் ரைட் கேஷையும், அதாவது டிஸ்க்குக்குப் போகும் முன் எழுத்துகள் தங்கும் நினைவகத்தையும், மறக்க வேண்டாம். கேஷைப் பேட்டரி தாங்குகிற பல மாடல்களில் சுமார் 72 மணி நேரம்தான் கணக்கு. அதற்குமேல் மின்சாரம் இல்லாமல் இருந்தால், டிஸ்க்குக்குப் போகாத எழுத்துகள் போய்விடும். ஃப்ளாஷில் எழுதி வைத்துக்கொள்ளும் புதிய வகைகளுக்கு இந்தக் கெடு இல்லை. எப்படி இருந்தாலும், எழுந்ததும் பேட்டரி ஏறும்வரை கன்ட்ரோலர் பெரும்பாலும் கேஷைத் தவிர்த்து நேராக டிஸ்க்குக்கே எழுதும், அதனால் மந்தமாக இருக்கும். அந்த மந்தத்தைப் பார்த்துப் பயந்து மறுபடி அணைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விட்டுவிடுங்கள், ஏறட்டும்.

பல வருடம் அணையாமல் ஓடிய இடத்தில் இன்னொரு பொறி உண்டு. ஸ்விட்ச்சில் யாரோ எப்போதோ ஒரு விலேனை (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு) சேர்த்துவிட்டு, சேமிக்காமல் போயிருப்பார். ஓடும்வரை அது இருக்கும், அணைத்துப் போட்டால் இருக்காது. திட்டமிட்டு அணைக்கிறீர்கள் என்றால், முந்தைய நாளே எல்லா ஸ்விட்ச்சிலும் கான்ஃபிகரேஷனைச் சேமியுங்கள். கடிகாரத்தைத் தாங்கும் சிஎம்ஓஎஸ் பேட்டரி தீர்ந்த சர்வரில் கடிகாரம் பழைய வருடத்துக்கு ஓடிவிடும். லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் வழக்கமாக 5 நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுக்கும், அதற்குமேல் லாகின் நடக்காது.

அடுத்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் சங்கதிகள். பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் ஒரு விர்ச்சுவல் மெஷினில் இருக்கிறது. அந்த மெஷினை ஓட்டும் ஹோஸ்ட் சர்வர், அது இருக்கும் ஸ்டோரேஜைப் பெயரால் தேடுகிறது. பெயரைச் சொல்ல டிஎன்எஸ் வேண்டும். கோழியா முட்டையா கதைதான். குறியாக்கம் செய்த ஸ்டோரேஜின் சாவியைத் தரும் சர்வர், அதே ஸ்டோரேஜிலேயே இருப்பது இதைவிடக் கொடுமை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2016 ஜனவரியில் 2 மணி 6 நிமிடம் விழுந்து கிடந்தது. தரவு மையத்தில் மின்சாரம் சற்றே தடைப்பட்டதில் கால்வாசிக்கும் மேலான சர்வர்கள் ரீபூட் ஆயின. அவற்றில் சில தங்கள் டிஸ்க்குகளையே அடையாளம் காணாமல் நின்றன. அந்த சர்வர்களில் ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தின் கிளஸ்டர்கள் இருந்தன. ரெடிஸ் இல்லாமல் அவர்களுடைய செயலி எழவே எழாது என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. தாங்கள் கட்டியதில் இப்படி ஒரு முடிச்சு இருப்பதை அத்தனை தேர்ந்தவர்களே எழுப்பும்போதுதான் கண்டார்கள்.

உங்கள் முடிச்சைக் கண்டுபிடிக்க எளிய வழி, எல்லாம் அணைந்திருப்பதாக வைத்துக்கொண்டு எழுப்பும் வரிசையைக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பது. ஒவ்வொரு வரியிலும் ‘இது எழ எது வேண்டும்?’ என்று கேளுங்கள். ஸ்டோரேஜின் ஐபி முகவரிகள், கன்சோல் கடவுச்சொற்கள், ஆதரவு ஒப்பந்த எண்கள் எல்லாம் அச்சிட்டு, பூட்டிய உறையில் அறைக்கு அருகில் இருக்கட்டும். விக்கியில் எழுதி வைத்திருக்கிறோம் என்பார்கள். சரி, அந்த விக்கி எந்த சர்வரில் ஓடுகிறது?

கடைசியாக, எல்லாம் பச்சையாகிவிட்டது, செயலி ஓடுகிறது, வீட்டுக்குக் கிளம்பத் தோன்றும். கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு சர்வரிலும் மல்டிபாத்தை, அதாவது ஸ்டோரேஜுக்குப் போகும் பல வழிகளை, பாருங்கள். நான்கு வழி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மட்டும் உயிரோடு இருக்கும். பயனாளர் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அடுத்த வாரம் ஃபர்ம்வேர் ஏற்ற ஒரு கன்ட்ரோலரை ரீபூட் செய்யும்போது, அந்த சர்வர் மட்டும் ஸ்டோரேஜை முழுதாக இழந்து விழும். மின்தடை என்றோ முடிந்துவிட்டது என்று நினைத்திருப்போம். பவர் சப்ளை விளக்குகள் இரண்டும் எரிகின்றனவா, கிளஸ்டரில் எல்லா நோடும் உறுப்பினராக இருக்கின்றனவா, ரெய்டு மறுகட்டுமானம் எங்கேனும் ஓடுகிறதா என்பதையும் பார்த்து, ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு எழுந்தது என்று அதே காகிதத்தில் குறித்துவிட்டு அறையைப் பூட்டுங்கள்.