ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பள்ளி? சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீடுகளில் எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் மெட்ரிக் என்று மூன்று வழி. பழங்குடிக் குடும்பம் என்றால் உண்டு உறைவிடப் பள்ளியும் உண்டு. ஃபீஸும் பஸ்ஸும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் ப்ளஸ் டூவுக்குப் பிறகு எந்தச் சலுகை கிடைக்கும் என்பதும் இப்போதே முடிவாகிவிடுகிறது.

பெரிய சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020 முதல், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021 முதல் நடப்பில் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலப் பள்ளிகளும் இதில் சேரும். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. நடுவில் ஒரே வருடம் மெட்ரிக்கில் படிக்கவைத்தாலும் இது போய்விடும். உதவி பெறும் பள்ளிக்கும் கிடையாது. ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் கொடுப்பதால் மிஷன் பள்ளியையும் 'கவர்மென்ட் ஸ்கூல்தானே' என்று நினைத்துவிடுகிறோம். கவுன்சலிங்கில் அந்தக் கணக்கு எடுபடாது.

ஆர்.டி.இ. எனும் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இலவசம் எட்டாம் வகுப்போடு சரி. அங்கிருந்து ஒன்பதிலேயே அரசுப் பள்ளிக்கு வந்து பன்னிரண்டு வரை படித்தால் 7.5-க்குத் தகுதி உண்டு. ஒன்பது, பத்தை அங்கேயே கடன் வாங்கி முடித்துவிட்டு, பதினொன்றில் மாறினால் பயனில்லை.

கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் கொஞ்சம் தாராளம். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் கிடைக்கும்.

என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வை எட்டாம் வகுப்பிலேயே எழுத வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். பெற்றோர் வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. தனியார் பள்ளிக்கோ அரசு உறைவிடப் பள்ளிக்கோ மாறினால் நின்றுவிடும்.

பக்கத்துப் பள்ளி உயர்நிலையா, மேல்நிலையா என்றும் பாருங்கள். உயர்நிலை பத்தோடு முடியும். மேல்நிலையிலும் பிள்ளை கேட்கும் குரூப் இருக்கிறதா என்று இப்போதே விசாரிக்கலாம். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும் நேரத்துக்குப் பஸ் உண்டா? யானை நடமாடும் பாதையில் இருட்டிய பிறகு நடக்கவிட முடியாது. பதினொன்றில் அரசு தரும் சைக்கிள் நம் ஏற்றத்துக்கு எவ்வளவு உதவும் என்பது உங்களுக்கே தெரியும்!

டி.சி. வாங்கும் அன்றே, அந்தப் பள்ளியில் எந்த வகுப்பு முதல் எதுவரை, எந்த மொழி வழியில் படித்தார் என்ற சான்றிதழையும் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.