இதயமும் மூளையும் பகிர்ந்துகொள்ளும் மரபணுக்கள்

ரத்தக் கொதிப்புக்காக நம் வீடுகளில் விழுங்கப்படும் மாத்திரைகளில் அம்லோடிபின் மிகவும் பழக்கமானது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக இன்று அது வாசலுக்கே வந்து சேர்கிறது. ரத்தக் குழாய்ச் சுவரின் தசைச் செல்களுக்குள் கால்சியம் நுழையும் வாயிலை இந்த மாத்திரை அடைக்கிறது. கால்சியம் குறைந்தால் தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. அந்த வாயிலின் முதன்மையான புரதத்துக்குரிய மரபணு 12ஆவது குரோமோசோமில் உள்ள சிஏசிஎன்ஏ1சி. மாரடைப்பையும் மனநோயையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் இதே வாயில் இதயத் தசையிலும் இருக்கிறது, மூளையின் நரம்புச் செல்களிலும் இருக்கிறது.

இதயத்தில் ஒவ்வொரு துடிப்பின்போதும் முதலில் சோடியம் அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன. அதைத் தொடர்ந்து கால்சியம் நுழைய, தசை சுருங்குகிறது. கால்சிய வாயில் மூடி, பொட்டாசியம் வெளியேறிய பிறகுதான் செல் அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. இசிஜி தாளில் மருத்துவர் அளக்கும் க்யூடி இடைவெளி இந்தச் சுழற்சிக்கு ஆகும் நேரத்தையே காட்டுகிறது. நரம்புச் செல்லிலோ அதே வாயில் வழியே வரும் கால்சியம், உட்கருவுக்குச் செய்தி போகச் செய்து, நினைவு பதிவதற்குத் தேவையான மரபணுக்களை இயக்குகிறது. அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட இந்த வாயிலின் புரதத்தில், 406ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஆர்ஜினின் அமைந்துவிட்டால் வாயில் உரிய நேரத்தில் மூடுவதில்லை. 2004இல் மரபணுக் காரணம் கண்டறியப்பட்ட, மிக அரிதான டிமோத்தி நோய்க்குறி இதனால் வருவதுதான்; அக்குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு ஆபத்தான முறையில் தடுமாறுவதோடு ஆட்டிசத்தின் அறிகுறிகளும் காணப்படுகின்றன.

இதே மரபணுவில் வேறோர் இடத்தில், மக்களிடையே பரவலாக உள்ள ஒரு டி.என்.ஏ. எழுத்து மாற்றம், மிகை உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாற்றுடன் தொடர்புடையது என்று 2008இல் தெரியவந்தது. ஆனால் அதன் பலம் மிகச் சிறியது: நூற்றில் ஒன்றாக இருந்த வாய்ப்பு, அந்த மாற்றத்தின் ஒரு பிரதி இருப்பதால் நூற்றில் ஒன்றேகால்கூட ஆவதில்லை. பெரும்பாலான மனநோய்களும் பெரும்பாலான மாரடைப்புகளும் இப்படிப்பட்ட சிறு மாற்றங்கள் பல சேர்ந்து, வாழ்க்கைச் சூழலும் துணைநின்று வருபவை. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயுடன் தொடர்புடையவையாக 287 மரபணு இடங்களை 2022இல் வெளியான ஓர் ஆய்வு அடையாளம் காட்டியது. இவ்வளவுக்கும் பிறகு, ஒரே கருமுட்டையிலிருந்து உருவான, மரபணுக்கள் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு அந்நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறையப் பாதிப்பேருக்குத்தான்.

ஒற்றை மரபணு நோய்களின் கதை வேறு. கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பி ஒன்று உண்டு. அதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிக்கான மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே, கேழ்வரகுக் களியைத் தவிர வேறெதையும் தொடாதவருக்கும் கொலஸ்ட்ரால் ஏறத்தான் செய்யும். உலகில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இத்தகைய பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் இருக்கிறது. இரு பிரதிகளும் பழுதானால் சிறுவயதிலேயே முழங்கையிலும் முழங்காலிலும் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றும். பதின்ம வயதிலேயே மாரடைப்பும் வரலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை என்பதால் இது நமக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி. தாய்மாமன், மருமகள் இணையின் குழந்தைக்கு, சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களில் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்கும். பாட்டியிடமிருந்த ஒரு பழுது மகன் வழியாகவும் மகள் வழியாகவும் இறங்கி, பேரக்குழந்தையிடம் மீண்டும் சேரும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. நூற்றுக்கணக்கான மரபணுக்களின் கூட்டில் வரும் நோய்களுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு கூர்மையாகப் பொருந்தாது. எனவே சொந்தத்தில் கட்டியதால்தான் மனநிலை பிறழ்ந்தது என்று ஒரு குடும்பத்தை ஊரார் கைகாட்டுவது பொறுப்பற்ற பேச்சு.

இதயமும் மனமும் மிகத் தெளிவாகச் சந்திக்கும் இடம் 22ஆவது குரோமோசோம். அதன் ஒரு பகுதியில் டி.என்.ஏ.வின் சுமார் 30 லட்சம் எழுத்துகள் விடுபட்டுப் போவதுண்டு. அதில் காணாமற்போகும் டிபிஎக்ஸ்1 என்ற மரபணு, கருவில் இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய்கள் உருவாவதற்குத் தேவையானது. எனவே இக்குறையுள்ள குழந்தைகளில் பலர் இதயக் கோளாறுடன் பிறக்கிறார்கள், சிலர் உதடும் நகமும் நீலம்பாய்ந்த நிலையில். அறுவை சிகிச்சையில் பிழைத்து வளர்ந்தபின், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் வருகிறது. ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் பேருந்தேறி, குழந்தைப் பருவத்தில் ஜெயதேவா இதய மருத்துவமனைக்கும் இருபது வயதில் நிமான்ஸ் மனநல மருத்துவமனைக்கும் அதே பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு, இரண்டும் இருவேறு துன்பங்களாகவே தோன்றும். பத்தில் ஒன்பது பேருக்கு இந்த விடுபடல் பெற்றோரிடமிருந்து வந்ததன்று, புதிதாக நேர்ந்தது. “எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே” என்ற பதில் உண்மையாக இருந்தும், காரணம் மரபணுவாக இருக்கலாம்.

எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் கட்டிவிடவும் கூடாது. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். அதற்கு இதய நோய் ஒரு முக்கியக் காரணம். புகைப்பழக்கமும், ஓலன்சபின் போன்ற மனநல மருந்துகளால் ஏறும் எடையும் சர்க்கரையும், நெஞ்சு வலிக்கிறது என்று அவர்கள் சொன்னால் யாரும் பொருட்படுத்தாததும் அதில் சேர்ந்திருக்கின்றன.

மருந்துக்கும் மரபணுவுக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாயில்களில் ஒன்றை கேசிஎன்எச்2 என்ற மரபணு உருவாக்குகிறது. ஹாலோபெரிடால் போன்ற சில மனநல மருந்துகள் அதைச் சிறிதளவு அடைக்கின்றன. பிறப்பிலேயே அந்த வாயில் பலவீனமாக உள்ளவருக்கு, மருந்தும் சேரும்போது க்யூடி இடைவெளி நீண்டு, துடிப்பு திடீரெனக் குலையக்கூடும். ஆகவேதான் மனநல மருத்துவர் இத்தகைய மருந்தைத் தொடங்கும் முன் இசிஜி எடுக்கச் சொல்கிறார். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் மயங்கி விழுந்து இறந்ததுண்டா என்றும் விசாரிக்கிறார். வரன் பார்க்கும்போது மறைத்துப் பழகிய வாய் அங்கும் மறைத்துவிடுவதுண்டு. சொல்லிவிட்டால் அவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார், அல்லது அளவைக் குறைத்துத் தொடங்கிச் சில நாள் கழித்து மீண்டும் ஓர் இசிஜி எடுத்துப் பார்ப்பார்.