பிராதில் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை வாசியுங்கள்

"ரெண்டு வருஷமா மனு மேல மனு கொடுத்துட்டேன் மேடம், கேஸ் நகரவே மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே, வக்கீலான என்னிடம் வந்த ஒரு பெரியவர் கையிலிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்தார். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது, ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுவின் நகல், ஒரு வக்கீல் நோட்டீஸ், அது போய்ச் சேர்ந்ததற்கான தபால் அட்டை எல்லாம் இருந்தன. கோர்ட்டு முத்திரை விழுந்த தாள் ஒன்றுகூட இல்லை. அதாவது, அவர் சொன்ன கேஸ் அதுவரை தொடங்கவே இல்லை.

தமிழில் எல்லாவற்றுக்கும் 'மனு' என்று ஒரே சொல்லை வைத்துக்கொள்வதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. கடனை வசூலிக்க, சொத்தில் பாகம் கேட்க, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்ல என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் பிராது, அதாவது வழக்கைத் தொடங்கும் எழுத்து முறையீடு, தாக்கல் செய்ய வேண்டும். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பிராதைத் தாக்கல் செய்வதன் மூலமே வழக்குத் தொடங்குகிறது என்கிறது. விவாகரத்துக்கு மனு, உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்படி ரிட் மனு என்று பெயர் மாறும். ஆனால் எதுவானாலும் நீதிமன்றத்தில் தாக்கலாகும் அந்த முதல் தாள்தான் தொடக்கம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் காலக்கெடு. பொதுவாகக் கடன் வழக்குக்கு மூன்று ஆண்டுதான். கேட்டபோது தருவதாக எழுதிய பிராமிசரி நோட்டு என்றால் நோட்டின் தேதியிலிருந்தே கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். நீங்கள் போலீசுக்கு அலைந்த நாட்களும் வக்கீல் நோட்டீசுக்குப் பதில் வரும் என்று காத்திருந்த நாட்களும் அந்தக் கணக்கை நிறுத்தாது. அரசு மேல் வழக்குப் போடும் முன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி கொடுக்கும் இரண்டு மாத நோட்டீஸ் ஒரு விதிவிலக்கு. அந்த இரண்டு மாதத்தைக் கழித்துக்கொள்ளலாம். மற்றபடி, கெடு தாண்டிய வழக்கை எதிராளி வாய் திறக்காவிட்டாலும் நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் 3ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது.

பெரியவர் கடன் கொடுத்து எழுதி வாங்கிய பிராமிசரி நோட்டு 2013 ஜூன் மாதத்தது. அவர் என்னிடம் வந்தது 2017 நவம்பரில். சரி, முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பழக்கதோஷத்தில் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், நீல மையில், 2015 மார்ச் தேதி போட்டு, 'வட்டி வகையில் ரூ.20,000 செலுத்தினேன்' என்று ஒரு வரி. கீழே கடன் வாங்கியவரின் கையெழுத்து.

"இதை ஏன் ஐயா சொல்லவே இல்லை?"

"சொன்னா அந்தப் பணத்தைக் கழிச்சுடுவாங்களேம்மா."

அவர் மறைக்க நினைத்த அந்த வரிதான் அவருடைய வழக்கைக் காப்பாற்றியது. கெடு முடிவதற்குள் ஒரு பகுதியைச் செலுத்தி, செலுத்தியவரே அதைத் தன் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ இருந்தால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். அவருக்கு 2018 மார்ச் வரை நேரம் இருந்தது. ஆனால் நோட்டின் பின்னால் அந்த வரி இருந்தால் மட்டும் போதாது. வழக்கு ஏன் கெடுவுக்குள் வருகிறது என்பதைப் பிராதிலேயே எழுதியாக வேண்டும். அந்த 20,000 ரூபாயை விட்டுவிட்டு அவர் சொன்னபடியே நான் பிராது எழுதியிருந்தால், அதைப் படிக்கும் எவருக்கும் அது காலாவதியான வழக்காகத்தான் தெரிந்திருக்கும்.

என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் பலர் பிராதை வக்கீலின் தாள் என்றே நினைக்கிறார்கள். இல்லை, அது உங்கள் பேச்சு. யார் யார் மேல் வழக்கு, என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது, ஏன் இந்த நீதிமன்றத்தில், வழக்கின் மதிப்பு என்ன, என்ன பரிகாரம் கேட்கிறீர்கள் என்று அத்தனையும் அதில் இருக்க வேண்டும். அதில் 'வழக்கு மூலம்' என்று ஒரு பத்தி வரும். வழக்குப் போடும் உரிமை எந்தெந்த நிகழ்ச்சியால், எந்தெந்த நாளில் உண்டானது என்பதைச் சொல்லும் பத்தி அது. வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றாலும் அந்தப் பத்தியை விரல் வைத்து, தேதி தேதியாகப் படியுங்கள்.

பிராதில் சொல்லாத ஒரு சங்கதியைப் பிற்பாடு சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னால், அது எடுபடாது. திருத்த மனு போடலாம்தான். ஆனால் விசாரணை தொடங்கிய பிறகு, எவ்வளவு கவனமாக இருந்தும் முன்பே சொல்ல முடியவில்லை என்று நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். அப்புறம், கடைசிப் பக்கத்தில் 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்று கையெழுத்திடுவது நீங்கள். 2002க்குப் பிறகு அதற்கு ஆதரவாகப் பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். குறுக்கு விசாரணையில் "இதைப் படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று கேட்கும்போது எத்தனையோ பேர் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் ஒன்றும் செய்ய முடியாது.

தாக்கல் செய்த கையோடு வழக்கு எண் விழாது. அலுவலகம் சரிபார்க்கும், கட்டணம் குறைவு, ஆவணம் இல்லை, விலாசம் முழுமையில்லை என்று குறிப்பெழுதித் திருப்பும். சரிசெய்து மறுபடி கொடுக்க வேண்டும். இது வாடிக்கையாக நடப்பதுதான், பயப்பட வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7 விதி 11இன்படி பிராதையே நிராகரிப்பது வேறு விஷயம். வழக்கு மூலமே இல்லை, சட்டம் தடுக்கிறது என்று பிராதை வாசித்த மட்டிலேயே தெரிந்தால் விசாரணைக்குப் போகாமலே கதவை அடைத்துவிடுவார்கள்.

எண் விழுந்த பிறகு, பிராதின் நகலோடு எதிராளிக்குச் சம்மன் போகும். கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது பிராதுக்கு எழுத்தில் பதில், கொடுக்க வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, பயத்தில் பிரிக்காமலே பீரோவில் வைத்துவிட்ட ஒரு பெண்மணி என்னிடம் வந்திருந்தார். வங்கியில் வேலை பார்ப்பவர். அவர் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, சம்பளத்தில் பிடிக்க நோட்டீஸ் வந்த பிறகுதான் வந்தார். அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். அவர் வந்தது நான்காவது மாதம். தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, தீர்ப்பை ரத்து செய்ய ஒரு மனு என்று போட்டு, செலவுத் தொகையும் கட்டி, வழக்கை மறுபடி உயிர்ப்பிக்க ஏழு மாதம் ஆனது.

அந்த உறையை என் மேஜையில் வைத்துத்தான் முதன்முறையாகப் பிரித்தார். உள்ளே இருந்த பிராதின் ஆறாவது பத்தியில், கடனில் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை என்று எழுதியிருந்தது. எதிருரையில் குறிப்பிட்டு மறுக்காத சங்கதியை ஒப்புக்கொண்டதாகவே சட்டம் கருதும். அவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "அறுபதாயிரம் கொடுத்ததுக்கு ரசீது இருக்கே மேடம்" என்றார். எங்கே என்று கேட்டேன். அதே பீரோவில், இந்த உறைக்கு அடியிலேயே இருக்கிறது என்றார்.