மார்ஜின்: எதற்கு விட்ட கரை?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஆடிட்டராக இருக்கிறேன். என் மேசைக்கு எதிரே உட்காரும் வியாபாரிகள் ஒரு நாளில் பத்து முறையாவது சொல்லும் ஆங்கிலச் சொல் மார்ஜின். அந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு பணம் இழந்தவர்களையும் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தீபாவளி முடிந்த கையோடு ஒரு முந்திரி வியாபாரி வந்தார். பண்ருட்டிப் பக்கம் கிலோ 800 ரூபாய்க்கு வாங்கி, கடையில் 1,000 ரூபாய்க்கு விற்பவர். “இருபத்தஞ்சு பர்சன்ட் மார்ஜின் சார். பண்டிகைக்கு இருபது பர்சன்ட் தள்ளுபடி போட்டேன். அஞ்சாவது நிக்கணும்ல? ஒண்ணுமே நிக்கல” என்றார். கல்லாவில் நிற்கும் பையன் மேல் அவருக்குச் சந்தேகம் வேறு வந்திருந்தது.

பையன் மேல் தப்பே இல்லை. 1,000 ரூபாயில் 20 சதவீதம் 200 ரூபாய். அதைத் தள்ளிவிட்டால் 800. வாங்கின விலைக்கே விற்றிருக்கிறார். கடை வாடகை, கரண்ட் பில், ஆள் கூலி எல்லாம் கைக்காசு.

அவர் வைத்த 200 ரூபாய், வாங்கிய விலையில் 25 சதவீதம். அதற்குப் பெயர் மார்க்கப். அதே 200 ரூபாய், விற்கும் விலையில் 20 சதவீதம்தான். மார்ஜின் என்பது இதுதான். தள்ளுபடியை விற்கும் விலையில் போடுகிறோம். அப்படியிருக்க, லாபத்தை மட்டும் வாங்கிய விலையில் கணக்குப் பார்த்தால் எப்படி ஒட்டும்? உண்மையிலேயே 25 சதவீத மார்ஜின் வேண்டுமென்றால் 800-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 1,067 ரூபாய் வரும். ஜிஎஸ்டியை ஒதுக்கிவிட்டுச் சொல்கிறேன்.

இந்தச் சொல்லின் வேர் தெரிந்தால் குழப்பம் குறையும் என்பது என் அனுபவம். லத்தீனில் ‘மார்கோ’ என்றால் விளிம்பு, ஓரம். 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. எல்லைக் குறியைச் சொல்லும் ‘மார்க்’ இதற்குத் தூரத்து உறவு. நம்மிடம் ஆற்றுக்கும் கரை, வேட்டிக்கும் கரை என்று ஒரே சொல் இருக்கிறதே, ஏறத்தாழ அப்படி. பள்ளி நோட்டில் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விட்ட இடமும் மார்ஜின்தான். நம் ஓலைச்சுவடிகளிலும் இரண்டு ஓரமும் வெறுமையாக விடப்பட்டிருக்கும். ஓலை முதலில் ஒடிவதும் அரிபடுவதும் ஓரத்தில்தான். எழுத்து பிழைக்க வேண்டும் என்று விட்ட இடம் அது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான சுவடிகள் இருக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள்.

பணத்திலும் மார்ஜின் அப்படி விட்டுவைக்கும் இடம்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு பெண்ணையாறு கரை மீறி வந்ததைப் பார்த்த நமக்கு, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தது என்பது எத்தனை பெரிய விஷயம் என்று தெரியும்.

வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனால் “மார்ஜின் உங்களுடையது” என்பார்கள். வீட்டின் விலையில் நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது. 40 லட்சம் வீட்டுக்கு 32 லட்சம்தான் கடன். 8 லட்சம் நாம் போட வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அதற்கு மேல். வீட்டு விலை இறங்கினாலும் கடன் மூழ்காமல் இருக்க வங்கி கேட்கும் இடம் இது. இதைத் தனிநபர் கடனிலோ வட்டிக்காரரிடமோ புரட்டினால் உங்களுக்குக் கரையே இல்லாமல் போகிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

அப்புறம், பங்குச் சந்தை. இதுதான் இப்போது என்னைத் தூங்கவிடாதது. ஃபியூச்சர்ஸ் என்றால், பின்னால் ஒரு தேதியில் இன்ன விலைக்கு வாங்கவோ விற்கவோ இப்போதே போடும் ஒப்பந்தம். அதற்கு ஈடாக முன்கூட்டிக் கட்டும் பணம்தான் இங்கே மார்ஜின். ஒரு லட்சம் மார்ஜின் கட்டி, விலை ஏறும் என்று நம்பி ஐந்து லட்சத்துக்கு ஃபியூச்சர்ஸ் வாங்குகிறார் ஒரு தம்பி. சந்தை 10 சதவீதம் இறங்கினால் அவர் கட்டியதில் பாதி போய்விடும். 20 சதவீதம் என்றால் மொத்தமும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸிலும் அதைப் போன்ற ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களிலும் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

மார்ஜின் குறைந்ததும் புரோக்கரிடமிருந்து போனுக்குச் செய்தி வரும், இன்னும் பணம் கட்டு என்று. அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, அதற்குப் பிறகு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கே, நகையை எடுக்கும் முன்னால், தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். கணக்கைப் போட்டுப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும்.