வழுக்கிக்கொண்டே இழுக்கும் எஞ்சின்கள்

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், மெண்டிப் குன்றுகளில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவந்த ஃபாஸ்டர் யோமன் என்ற குவாரி நிறுவனம், 1986 ஜனவரியில் அமெரிக்காவில் செய்த நான்கு டீசல் ரயில் எஞ்சின்களைச் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இறக்கியது. பிரிட்டனின் ரயில்வே 1948 முதல் அரசுடைமையாக இருந்தது; வேகன்களைத் தனியார் வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதன்மைப் பாதையில் அவற்றை இழுக்கும் எஞ்சின் அரசு நிறுவனமான பிரிட்டிஷ் ரயிலுடையதாகத்தான் இருக்கும் என்பது அதுவரை மாறாத வழக்கம். அந்த வழக்கத்தை உடைத்த இந்த நான்கு எஞ்சின்களும் கிளாஸ் 59 என்று பதிவாயின. ஓட்டுநர்கள் பிரிட்டிஷ் ரயிலின் ஊழியர்களாகவே இருந்தார்கள். எஞ்சின் மட்டும் குவாரிக்காரருடையது. தனியார்மயத்தின் முன்னோட்டம் என்றே இந்த நிகழ்வு வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த எஞ்சின்களின் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே நடந்ததுதான் இந்த வரலாற்றின் மிகச் சுவையான பகுதி என்று நான் கருதுகிறேன்.

எஞ்சின் வாங்கும் எண்ணம் குவாரிக்கு வந்ததற்குக் காரணம் மிக எளிது: வேகன்கள் எப்போதும் தயாராக இருந்தன, எஞ்சின்கள் இல்லை. யோமனுடைய மெர்ஹெட் குவாரியிலிருந்து லண்டனுக்குச் செல்லும் கல் ரயில்களை அப்போது இழுத்துவந்த பிரிட்டிஷ் ரயிலின் கிளாஸ் 56 எஞ்சின்கள் அடிக்கடி பழுதாகின. அந்த வகையின் முதல் 30 எஞ்சின்கள் ருமேனியாவின் கிரயோவா நகரில் கட்டப்பட்டவை. அவற்றின் தரக்குறைவு அன்றைக்கே பேசப்பட்டது. இதற்கிடையே, குவாரி வளாகத்துக்குள் வேகன்களை நகர்த்துவதற்காக யோமன் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸின் சிறிய எஞ்சின் ஒன்றை 1980 முதல் பயன்படுத்திவந்தது. அது பழுதின்றி ஓடியதைக் கண்ட அனுபவமே, 1984-ல் அதே தயாரிப்பாளரிடம் பெரிய எஞ்சின்களைக் கேட்கும் துணிவைத் தந்தது. நூற்றுக்கு 95 பங்கு நேரம் எஞ்சின் வேலைக்குத் தயாராக இருக்கும் என்ற உறுதியுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது.

பழுதின்மை ஒரு பக்கம் இருக்கட்டும். கிளாஸ் 56-ஐயும் கிளாஸ் 59-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புதிர் ஒன்று தென்படும். முன்னதன் திறன் 3,250 குதிரைத்திறன், எடை சுமார் 125 டன். பின்னதன் திறன் 3,300 குதிரைத்திறன், எடை சுமார் 121 டன். இரண்டிலும் டீசல் எஞ்சின் ஒரு மின்னாக்கியைச் சுழற்ற, அது தரும் மின்சாரத்தில் ஓடும் மோட்டார்களே சக்கரங்களைச் சுழற்றுகின்றன; இரண்டுக்கும் ஆறு அச்சுகள், ஆறிலும் மோட்டார்கள். ஆனால் கிளாஸ் 56 தரக்கூடிய உச்ச இழுவிசை ஏறத்தாழ 275 கிலோநியூட்டன். கிளாஸ் 59 தருவதோ 506 கிலோநியூட்டன். திறனும் எடையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது, இழுவிசை மட்டும் இரண்டு மடங்கை நெருங்குவது எப்படி?

முதலில், திறன் வேறு, இழுவிசை வேறு. விசையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது திறன். மின்னாக்கியிலும் மோட்டாரிலும் போகும் இழப்பைக் கழித்த பின் கிளாஸ் 59-ன் சக்கரங்களுக்குக் கிடைப்பது சுமார் 1,900 கிலோவாட். 506 கிலோநியூட்டன் விசையுடன் அந்தத் திறன் முழுவதும் செலவாகிவிடும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான். அதற்கு மேற்பட்ட வேகத்தில் ரயிலின் போக்கைத் தீர்மானிப்பது குதிரைத்திறன். அதற்குக் கீழே, அதாவது நின்ற ரயிலைக் கிளப்பும்போதும் ஏற்றத்தில் ஊர்ந்து செல்லும்போதும் தீர்மானிப்பது, சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் வலு. கல் ரயில்களின் சோதனை அந்தத் தாழ்ந்த வேகத்தில்தான் வருகிறது.

இந்தப் பற்றை ஓர் எண்ணால் குறிக்கலாம்: இழுவிசையை எஞ்சினின் எடை விசையால் வகுத்தால் போதும். கிளாஸ் 56-க்கு அது ஏறத்தாழ 0.22; கிளாஸ் 59-க்கு 0.43. உலர்ந்த, தூய்மையான எஃகின் மீது எஃகு உருளும்போது 0.4 அளவுக்குப் பற்று கிடைப்பது இயலாததன்று. மழை நனைத்த தண்டவாளத்தில் அது 0.2-ஐ ஒட்டி இறங்கிவிடும்; இலையுதிர் காலத்தில் விழுந்த இலைகள் சக்கரங்களுக்கடியில் நசுங்கிப் பசைபோல் படிந்துவிட்டால் 0.05 அளவுக்கும் சரியும். எந்த வானிலையிலும் வழுக்கக்கூடாது என்று அஞ்சிய பழைய வடிவமைப்பாளர்கள் இருக்கும் பற்றில் பாதியைத் தொடாமலே விட்டுவைத்தார்கள். அமெரிக்கப் பொறியாளர்கள் அந்தப் பாதியையும் பயன்படுத்த முனைந்தார்கள்.

இதற்கு அவர்கள் கண்ட வழி, முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும். சறுக்கத் தொடங்கிவிட்டால் உராய்வு குறையும் என்றுதான் பள்ளியில் படிக்கிறோம். ஆகவே சக்கரம் சற்றும் சறுக்காமல் உருளும்போதே இழுப்பு மிகுதியாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். உண்மையில், இழுவை தரும் எந்தச் சக்கரமும் முற்றிலும் சறுக்காமல் உருள்வதில்லை. அச்சொன்றுக்கு இருபது டன் பாரம் தாங்கும் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் பரப்பு ஒரு சிறு நாணயத்தின் அளவே இருக்கும். அந்தப் பரப்பில் இரண்டு எஃகுகளும் மீள்தன்மையுடன் சற்றே நசுங்கி, இழுபட்டு நிற்கின்றன. இழுவை ஏற ஏற, பரப்பின் முன்பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பின்பகுதி நுண்ணிய அளவில் நழுவத் தொடங்குகிறது. நழுவும் பகுதி சிறிது சிறிதாக முன்னோக்கிப் பரவுகிறது. இதன் விளைவாகச் சக்கரத்தின் விளிம்பு, ரயில் நகரும் வேகத்தைவிடச் சற்று விரைவாகச் சுழல்கிறது. இந்த மிகை வேகத்தை ஊர்வு என்று அழைக்கலாம்.

ஊர்வு பூச்சியமாக இருந்தால் இழுவையும் பூச்சியம். ஊர்வு ஏறும்போது இழுவையும் ஏறி, ஓர் உச்சத்தை அடைந்து, பிறகு சரியும். உலர்ந்த தண்டவாளத்தில் அந்த உச்சம் ஒன்றிரண்டு விழுக்காட்டு ஊர்விலேயே வந்துவிடுகிறது. ஈரமோ அழுக்கோ படிந்த தண்டவாளத்தில் உச்சம் தாழ்வாக இருக்கும். ஆனால் அது இன்னும் பெரிய ஊர்வில்தான் வரும். அங்கே சக்கரம் தேய்த்துக்கொண்டு சுழல்வதால் ஈரப் படலமும் அழுக்கும் கிழிந்து, எஃகு எஃகைத் தொட வழி பிறக்கிறது. முன்னால் செல்லும் அச்சுகள் தேய்த்துத் துடைத்த பாதையில் பின்னால் வரும் அச்சுகளுக்குப் பற்று கூடுதலாகக் கிடைக்கிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை: அளவாக வழுக்க விடுவதுதான் வழுக்கலுக்கு மருந்து.

அளவு என்பதில்தான் கடினம் இருக்கிறது. உச்சத்தைத் தாண்டிவிட்டால் பற்று குறையும்; பற்று குறைந்தால் சக்கரம் மேலும் வேகமெடுக்கும்; கண்ணிமைக்கும் நேரத்தில் அது வெறுமனே சுழன்று தண்டவாளத்தைக் குழிபறிக்கும். பழைய எஞ்சின்களில் இப்படிச் சுழல்வதை உணர்ந்த பிறகே கருவி மின்னோட்டத்தை வெட்டும், மணல் தூவும், பின்னர் மெல்ல மீண்டும் ஏற்றும். வெட்டிய அந்தச் சில நொடிகளில் ஏற்றத்தில் இருக்கும் கனமான ரயில் தன் வேகத்தை இழக்கும். சிலவேளை அங்கேயே நின்றுவிடும்.

கிளாஸ் 59-ல் பொருத்தப்பட்ட ‘சூப்பர் சீரிஸ்’ என்ற கட்டுப்பாட்டு முறை நழுவல் நேரும்வரை காத்திருப்பதில்லை. எஞ்சினின் அடியில் தரையை நோக்கி இருக்கும் ஒரு டாப்ளர் ரேடார், ரயில் உண்மையில் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதை அளக்கிறது. ஆறு அச்சுகளும் இழுவையில் இருப்பதால் எந்தச் சக்கரமும் உண்மை வேகத்தைக் காட்டாது. எனவேதான் ரேடார் தேவைப்பட்டது. சக்கரங்களின் சுழற்சியையும் தரை வேகத்தையும் ஒப்பிட்டு, ஊர்வு உச்சத்தை ஒட்டியே நிற்கும்படி, மின்னாக்கியான ஆல்டர்னேட்டரில் காந்தப்புலத்தை உண்டாக்கும் புலச் சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தை மின்னணுச் சுற்று நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்கிறது. ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு ஆறு மோட்டார்களுக்கும் போகிறது. பெரிய ரயிலை இந்த எஞ்சின் கிளப்பும்போது அருகில் நின்றால் ஒரு நீண்ட கிறீச்சொலி கேட்கும். ரயில் நடைவேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்க, அதைவிடச் சற்றே விரைவாகச் சுழலும் பன்னிரண்டு சக்கரங்கள் எழுப்பும் ஒலி அது.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 4,000 டன் ரயில் ஒன்று, 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் மேட்டில் நிற்கிறது என்று கொள்வோம். புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 392 கிலோநியூட்டன் வேண்டும். உருளும் தடைக்கு இன்னும் அறுபது எழுபது சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கிளாஸ் 56-ஆல் இந்த ரயிலை அசைக்கவே இயலாது. ஒரு கிளாஸ் 59 அசைத்துவிடும். ஆனால் 506 என்பது சில நிமிடங்களுக்கான எண். அதிக மின்னோட்டம் மோட்டாரின் சுருள்களைச் சூடேற்றுவதால், இடைவிடாமல் தரக்கூடிய இழுவிசை 291 கிலோநியூட்டன்தான். வெஸ்ட்பரியைக் கடந்து சாவர்நேக் மேட்டில் ஏறும் கல் ரயிலின் ஓட்டுநர், மேட்டின் நீளத்தையும் மோட்டாரின் வெப்பத்தையும் சேர்த்தே கணக்கில் வைக்கிறார்.

ஒரு தடையை நீக்கினால் அடுத்த தடை வெளிப்படும் என்பதை 1991 மே மாதம் நடந்த ஒரு சோதனை காட்டியது. யோமன் நிறுவனம் முன்னால் ஓர் எஞ்சினும் நடுவில் ஓர் எஞ்சினுமாக வைத்து, ஏறத்தாழ 12,000 டன் எடையுள்ள ரயிலை ஓட்டியது. ஐரோப்பாவில் அது சாதனையாகப் பேசப்பட்டது. எஞ்சின்கள் சளைக்கவில்லை. வழியில் வேகன்களை இணைக்கும் கொக்கி அறுந்தது.

நான்கோடு தொடங்கிய வரிசை மெல்ல நீண்டது. யோமன் 1989-ல் ஐந்தாவது எஞ்சினை வாங்கியது; அண்டைக் குவாரி நிறுவனமான ஏ.ஆர்.சி. 1990-ல் நான்கை வாங்கியது. இரண்டு நிறுவனங்களும் தங்கள் எஞ்சின்களையும் வேகன்களையும் ஒன்றாக இயக்க 1993-ல் மெண்டிப் ரயில் என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்தன. நேஷனல் பவர் என்ற மின் நிறுவனம் தன் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் கொண்டுவர 1994, 1995-ல் ஆறு எஞ்சின்களைப் பெற்றது. ஆக மொத்தம் பதினைந்து. யோமனுடைய முதல் எஞ்சின்கள் அமெரிக்காவின் லா கிரேஞ்சில் கட்டப்பட்டவை, ஏ.ஆர்.சி.-யினுடையவை கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் கட்டப்பட்டவை. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் இலங்கைக்கு வந்த எம்2 வகை ரயில் எஞ்சின்கள் பிறந்ததும் அந்த லண்டன் ஆலையில்தான். எம்2, கிளாஸ் 59 இரண்டிலும் உள்ளவை ஒரே குடும்பத்து இருவீச்சு டீசல் எஞ்சின்கள். சிலிண்டர் ஒன்றின் கொள்ளளவு மட்டும் 567 கன அங்குலத்திலிருந்து கிளாஸ் 59-ல் 645 கன அங்குலமாக வளர்ந்திருந்தது.

பதினைந்து என்பது சிறிய எண்தான். ஆனால் அதன் பின்விளைவு பெரிது. பிரிட்டிஷ் ரயிலின் சரக்குப் பிரிவுகள் விற்பனைக்கு வந்தபோது, அமெரிக்காவின் விஸ்கான்சின் சென்ட்ரல் தலைமையிலான குழு அவற்றில் பெரும்பங்கை வாங்கி, 1996-ல் இ.டபிள்யூ.எஸ். என்ற நிறுவனத்தை உருவாக்கியது. ஓடி ஓய்ந்த பலவகைப் பழைய எஞ்சின்கள் அதன் கைக்கு வந்தன. அவற்றுக்கு மாற்றாக அந்நிறுவனம், கிளாஸ் 59-ன் உடலமைப்பையே எடுத்துக்கொண்டு, சிலிண்டர் கொள்ளளவை 710 கன அங்குலமாக்கி, வளைவுகளில் தானே திரும்பிக்கொள்ளும் போகிகளை, அதாவது அச்சுகளைத் தாங்கும் அடிச்சட்டங்களை, பொருத்தி, 250 எஞ்சின்கள் செய்யச் சொன்னது. 1998 முதல் வந்திறங்கிய அந்த கிளாஸ் 66-ஐ ஃப்ரெயிட்லைனர், ஜி.பி. ரெயில்ஃபிரெயிட் போன்ற போட்டி நிறுவனங்களும் வாங்கின. பிரிட்டனுக்கான கடைசி எஞ்சின் 2016-ல் வந்தது. அதற்குள் நானூறுக்கும் மேற்பட்டவை ஓடத் தொடங்கியிருந்தன. ஓட்டுநர் அறையின் இரைச்சல் பற்றிய முறையீடுகள் தொடர்ந்தாலும், அவை பழுதின்றி ஓடுவது பற்றி முறையீடு எழவில்லை.

இத்தனை புதிய எஞ்சின்கள் வந்த பிறகும் மெண்டிப் கல் ரயில்களில் கிளாஸ் 59 நிலைத்ததற்குக் காரணம், மோட்டாருக்கும் அச்சுக்கும் இடையே உள்ள பற்சக்கரங்கள். கிளாஸ் 66 மணிக்கு 75 மைல் ஓடும்படி பல் அமைக்கப்பட்டிருப்பதால், அதன் உச்ச இழுவிசை 409 கிலோநியூட்டனில் நின்றுவிடுகிறது. யோமன் வாங்கிய எஞ்சின்கள் மணிக்கு 60 மைலுக்கு மேல் ஓடத் தேவையில்லை என்று முன்பே தீர்மானித்து, அந்த வேகத்தைக் கொடுத்து விசையைப் பெற்றவை. ஃப்ரெயிட்லைனரும் கனமான சரக்குகளுக்காகத் தன் கிளாஸ் 66-களில் சிலவற்றை 65 மைலுக்குப் பல் அமைத்து வாங்கி, 467 கிலோநியூட்டனைப் பெற்றது. 2019-ல் மெண்டிப் கல் ஒப்பந்தம் அந்நிறுவனத்துக்குக் கிடைத்தபோது, மெண்டிப் ரயிலிடம் இருந்த கிளாஸ் 59-களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது.